ஐஸ்பெட்டியில் போன ரத்தம்

ஆனர்ஸ் என்ற சொல்லை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வேஸ்ட் தாளில். என் தாய்மாமன் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகிப்போன தாள்களை அங்கே கழித்துப் போடுவார்கள். மாமா அவற்றை மடித்து வீட்டுக்கு எடுத்து வருவார். அலமாரித் தட்டில் விரிப்பது, பாடப்புத்தகத்துக்கு அட்டை போடுவது, வடையில் எண்ணெய் ஒற்றுவது எல்லாம் அந்தத் தாளில்தான். எங்கள் வீட்டில் காலண்டர் சாமிகளுக்கு இரண்டு மூக்கு இருந்தது. நான் பிளஸ் டூ படித்த வருடம் மாமா கொண்டுவந்த தாள்கட்டுக்குள், வடநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கைக் கையேடு முழுசாகவே கிடந்தது.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வரி வரியாகப் படித்தேன். வேதியியல் ஆனர்ஸ் நான்கு வருடம். மூன்று வருடம் பாடம், கடைசி வருடம் முழுக்க ஆராய்ச்சி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறியவர்களை நேர்முகத்துக்கு அழைப்பார்கள். எதைப் பற்றி ஆராய விருப்பம், ஏன் என்று விண்ணப்பத்திலேயே ஒரு பக்கம் எழுத வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணிடம் உனக்கு என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்கிற படிப்பு ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் பள்ளியில் எவ்வளவு மார்க் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்தது. நீலம்.

எங்கள் ஊர்ப்பக்கம் எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள பட்டாசுக் கம்பெனிகளில் புது ரகம் ஏதாவது செய்தால் இருட்டத் தொடங்கும் நேரத்தில் மேலே விட்டுப் பார்ப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் வானத்தில் தெரியும். சிவப்பு நல்ல சிவப்பாக இருக்கும். பச்சையும் அப்படித்தான். நீலம் மட்டும் வெளிறிப்போய், துணி அலசிய தண்ணீர் மாதிரி இருக்கும். "நீலம் மட்டும் நிக்க மாட்டேங்குது" என்று போர்மேனே அலுத்துக்கொள்வதாக அப்பா சொல்வார். செம்பின் உப்பை எரித்தால் நீலம் வரும், சூடு மிஞ்சினால் அழிந்துவிடும் என்று என் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ஏன் அழிகிறது, அழியாமல் நிறுத்த வழியில்லையா என்பதற்கு அடுத்த வரி இல்லை. நான் விண்ணப்பத்தில் அதைத்தான் எழுதினேன்.

"ஆனர்சுன்னா இன்ஜினியருக்கு மேலயா, கீழயா?" என்று அப்பா கேட்டார். அப்பாவும் அம்மாவும் பட்டாசுத் தொழிலாளிகள். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வேன்.

"அது வேறப்பா. ஆராய்ச்சி பண்றது."

"பண்ணி?"

மாமாதான், "படிக்கட்டும் மச்சான். தேறிட்டா பீஸு இல்லன்னு போட்டிருக்கான். ரூமுக்குள்ள ஒக்காந்து பட்டாசு மருந்து அள்றதுக்கு இது தேவலைல்ல" என்று முடித்து வைத்தார். அங்கன சோறு கிடைக்குமா என்பது மட்டும்தான் அம்மாவின் கவலை.

நுழைவுத் தேர்வில் தேறினேன். நேர்முகத்துக்கு அப்பா கூட வந்தார். கல்யாணங்களுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் ரயிலில் அதைக் கசங்காமல் காப்பாற்றி, அந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் துறைத் தலைவர். நரைத்த தலை, மெதுவான குரல். எல்லாம் ஆங்கிலத்தில். என் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "சிவகாசிக்குப் பக்கமா? அடடே, பட்டாசு!" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மனப்பாடம் செய்து வைத்திருந்த நீலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் கையை உயர்த்தினார்.

"அது இருக்கட்டும். உன் வீட்டில் யாராவது அந்த வேலை செய்கிறார்களா?"

"அப்பா, அம்மா இரண்டு பேரும்."

"விபத்தெல்லாம் நடக்குமே. உன் குடும்பத்தில் யாரையாவது இழந்திருக்கிறாயா?"

இழந்திருந்தோம். நான் ஏழாவது படிக்கும்போது என் பெரியம்மா வேலை பார்த்த ரூம் பற்றிக்கொண்டது. எங்களுக்கு அவளை அடையாளம் காட்டியது காலில் கிடந்த மெட்டி. இதை நான் வீட்டில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இறந்தகாலம், நிகழ்காலம் எல்லாம் தப்புத் தப்பாக, அந்த மூன்று பேரிடம் சொன்னேன். ஓரத்தில் இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதன் பிறகு என் ஆங்கிலத்தை யாரும் கவனிக்கவில்லை.

"ஆக, இந்தத் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பற்றி ஆராய விரும்புகிறாய்" என்றார் தலைவர்.

"சார், நான் நீலத்தை..."

"நீலத்தை யார் வேண்டுமானாலும் ஆராயலாம். இதை உன்னால்தான் செய்ய முடியும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வெளியே அப்பா பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தார்.

"என்னத்தா கேட்டாக?"

"பெரியம்மாவப் பத்திக் கேட்டாக."

"அவளப் பத்தி இவுகளுக்கு என்ன?" என்றார் அப்பா. அதற்குமேல் கேட்காமல் டீக்கடை தேடி நடந்தார்.

சேர்க்கைப் பட்டியல் வந்தபோது ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரவர் ஆராய்ச்சிக் களத்தைப் போட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே வேதியியலின் பிரிவுகள் இருந்தன. என் பெயருக்கு எதிரே என் ஊர் இருந்தது.

அடுத்த மூன்று வருடமும் நான் 'சிவகாசிப் பெண்'. துறைக்கு யாராவது விருந்தாளி வந்தால் தலைவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். "இவளுடைய அம்மா இன்றைக்கும் அந்த வேலைதான் செய்கிறார்" என்பார். வந்தவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு என் கைகளைப் பார்ப்பார். என் கையில் என்ன இருக்கும்? பேனா மைதான். தீபாவளி வந்தால் விடுதியில் பாதிப் பேர் என்னிடம் பட்டாசு மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். மீதிப் பேர், அந்தக் காசில் எப்படி உனக்குச் சாப்பிட மனசு வருகிறது என்று கேட்டார்கள். இரண்டாம் வருடம் ஓர் இளம் ஆசிரியரிடம் நீலத்தைப் பற்றிப் பேசினேன். அவருக்கு ஆர்வம் வந்து கரும்பலகையில் எழுதவே ஆரம்பித்துவிட்டார். களத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். எந்தக் களத்தைச் சொல்லி இடம் கொடுத்தோமோ அதிலேயேதான் ஆராய்ச்சி என்றார்கள்.

மூன்றாம் வருட முடிவில் தலைவர் என்னை அழைத்தார். அவரே என் ஆய்வு வழிகாட்டி. வண்ணத்துக்கும் சத்தத்துக்கும் சேர்க்கிற உலோகங்கள், முக்கியமாக ஈயமும் பேரியமும், வேலை செய்கிறவர்களின் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று அளக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டியது என் வேலை.

"ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்வோமா சார்?" என்று கேட்டேன்.

"கண்டிப்பாக. மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொருவருடைய முடிவையும் நீயே கையில் கொண்டுபோய்க் கொடு."

அந்தப் பதிலைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஆராய்ச்சியின்மேல் பிடிப்பு வந்தது. நீலம் போனால் போகட்டும் என்று நினைத்தேன். என் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உனக்கு இவ்வளவு, நீ இப்படி இரு என்று சொல்லப்போகிறேன். நாலு வருடப் படிப்புக்கு அது போதும் என்று தோன்றியது.

ஊரில் யாரும் சும்மா கையை நீட்டிவிடவில்லை. அம்மாதான் வீடு வீடாக நடந்தாள். "என் மக படிப்புக்குக் கேக்கா. ஒரு சின்ன டியூப்புதான்." கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தார்கள். கொண்டுபோய் வித்துருவாகளா என்று ஒருவர் கேட்டார். ரத்தம் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் மகள் கல்யாணப் பேச்சுக்கு உதவும் என்று இன்னொருவர் கணக்குப் போட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்வாடிக் கட்டடத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து நின்றார்கள். சிவகாசியிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வந்து எடுத்துக் கொடுத்தார். மாமா எல்லோருக்கும் பன்னும் டீயும் வாங்கி வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். பெண் பிள்ளை, மார்பை விட்டு வாயை எடுக்காமல் இருந்தது. படபடவென்று பொரிகிற ரகத்துக்கு மருந்து அடைப்பது அக்காவின் வேலை. ஊசி குத்தும்போது அவள் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஏத்தா, அந்த மருந்து பாலுல எறங்குமா?"

"தெரியலக்கா. ரிசல்ட்டு வந்ததும் மொத ஆளா உனக்குத்தான் சொல்வேன்."

"மறந்துராத. இவ இன்னும் சோறு திங்க ஆரம்பிக்கல. வேண்டாம்னா நிப்பாட்டிரலாம்ல, அதுக்குத்தான் கேக்கேன்."

ஐஸ்கிரீம் கம்பெனியில் வாங்கிய தெர்மோகோல் பெட்டியில் ரத்தத்தை அடுக்கி ரயிலேறினேன். சென்னை வரை மாமா துணைக்கு வந்தார். அதன் பிறகு பெரிய ஸ்டேஷன் வரும்போதெல்லாம் இறங்கி ஓடி, மீன் பார்சல் கட்டுகிறவர்களிடம் ஐஸ் வாங்கிப் போட்டேன். பெட்டியில் என்ன என்று கேட்டவர்களிடம் மருந்து என்றேன். உட்கார்ந்தபடியே, ஒரு கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

நான் போய்ச் சேர்ந்த வாரமே அம்மாவிடமிருந்து போன்.

"எங்க கம்பெனி வேன் நிக்கலத்தா."

"ஏன்?"

"நம்ம தெருவுல நிக்க வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாகளாம். ரத்தம் எடுத்தது தெரிஞ்சு போச்சு."

மற்றப் பெண்கள் கம்பெனி வாசலில் போய் நின்று கெஞ்சி மறுபடியும் உள்ளே போய்விட்டார்கள். அம்மாவை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. "படிச்ச மகள வச்சிருக்க, ஒனக்கெதுக்கு வேலை?" என்று மேனேஜர் கேட்டாராம். அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்ட ஆரம்பித்தாள். நான் போனில் அழுதபோது, "அது கெடக்கு, விடு. ரிசல்ட்டு எப்ப வரும்? அதச் சொல்லு. எல்லாரும் கேக்காக" என்றாள்.

ரிசல்ட் வரவில்லை. உலோகத்தை அளக்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு தனி விளக்கு; அதில் ஈயத்துக்கானது எரிந்துபோயிருந்தது. புதியது ஆர்டர் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அது வருவதற்குள் தலைவர் வெளிநாடு போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு புதுத் திட்டம் இருந்தது: ஆற்று வண்டலில் சேரும் மாசு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு, நிறையப் பணம், நிறைய மாணவர்கள். விளக்கு வந்தது. முதலில் வண்டல், பிறகுதான் மற்றவை என்றார்கள். ஒவ்வொரு வாரமும் நான் போய் அவர் அறை வாசலில் நின்றேன். ஒவ்வொரு வாரமும் அவர் என்னைப் பார்த்துப் பிரியமாகத் தலையாட்டினார்.

கார்த்திகை கழிந்து குளிர் ஏறிய நாளில் கூப்பிட்டார்.

"இனி நேரமில்லை. ஆய்வேட்டை நீ ஒப்படைத்தாக வேண்டும். வளாகத்து ஏரித் தண்ணீரை எடுத்துச் செய்துவிடு, சுலபம். ரத்தம் பத்திரமாக ஃப்ரீசரில் இருக்கட்டும். அதை வைத்து என்னிடமே முனைவர் பட்டத்துக்குச் சேர்."

நான் ஏரித் தண்ணீரை எடுத்தேன். வாத்து நீந்துகிற ஏரி. அதில் ஈயம் இல்லை என்பதை நிறுவ எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அந்த நாட்களில் ரத்தத்தை நானே அளந்துவிடலாம் என்று பார்த்தால் ஆய்வகத்தைப் பூட்டியிருந்தார்கள். திறந்த அன்று காலையிலேயே போய் ஃப்ரீசரைத் திறந்தேன். தட்டு தட்டாகப் பிளாஸ்டிக் பைகள், எனக்குத் தெரியாத கையெழுத்தில் சீட்டு ஒட்டி. உள்ளே மண். மேல்தட்டில் பார்த்தேன், கீழ்த்தட்டில் பார்த்தேன். பிறகு பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தேன். ஆய்வக உதவியாளர் ஓடிவந்து தடுத்தார்.

"உங்கள் பெட்டியா? வண்டல் வந்து இறங்கியது, இடம் வேண்டும் என்றார்கள். பழைய மாதிரிகளை எல்லாம் கழித்துவிட்டோம். சார் கையெழுத்துப் போட்டுத்தான்."

"எங்கே கழித்தீர்கள்?"

"கிருமி சாக வேகவைத்துக் கொட்டிவிடுவோம். அதுதான் விதி" என்றார்.

தலைவர் என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவர் கெட்டவர் மாதிரி ஒரு நாளும் நடந்துகொண்டதில்லை, அன்றைக்கும் இல்லை. "அறிவியலில் மாதிரிகள் வீணாவது சகஜம். உன் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்றார்.

"அவர்களுக்கு முடிவைச் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் சார்."

"மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உன் ஊர்க்காரர்கள்தானே? எங்கே போய்விடப்போகிறார்கள்?"

அவர்களால் எங்கும் போக முடியாது என்பது உண்மைதான். அது அவருக்கு அவ்வளவு வசதியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரத்தம் எடுத்ததனால் என் அம்மாவுக்கு வேலை போன கதையைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதை முன்பே சொல்லியிருக்கலாமே. நீ முனைவர் பட்ட ஆய்வேடு எழுதும்போது முன்னுரைக்கு நல்ல செய்தி" என்றார்.

டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். துறைக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். மாணவர்கள் சேகரிக்கும் மாதிரிகள் துறையின் உடைமை, அவற்றைப் பராமரிப்பதும் கழிப்பதும் துறையின் உரிமை என்று பதில் வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர், "ஆய்வுப் பதிவில் பட்டாசு என்று போட்டிருக்கிறதே, ஏன் ஏரி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவரே, "களத்தில் நடைமுறைச் சிக்கல்கள்" என்று பதில் சொன்னார். முதல் வகுப்பில் ஆனர்ஸ் கொடுத்தார்கள். முனைவர் பட்டத்துக்கு வரவில்லை என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் வந்த வியப்பு நடிப்பில்லை. எனக்கு வேறு என்ன வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

ஊருக்கு வந்த அன்று அம்மா என்னிடம் ஒன்று கேட்டாள்.

"எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிரேன்த்தா. ரத்தங் குடுத்தவுக மனசாவது ஆறும்."

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"பொய்யின்னா என்ன? ஒன் பேரு கெடாதுல்ல."

நான் மாட்டேன் என்றேன். மறுநாள் அம்மா நடந்த அதே வீடுகளுக்கு நான் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அளக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். கல்யாணப் பேச்சுக்குச் சீட்டு கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு சித்தி, "அப்ப எங்க ரத்தத்தச் சாக்கடையிலயா ஊத்துனாக? இங்கனயே ஊத்தியிருந்தா வேப்பமரத்துக்காவது ஆயிருக்கும்" என்றாள். ஒரு பெரியவர், தெரிஞ்சு மட்டும் என்ன பண்ணப்போறோம், விடு தாயி என்று என்னையே தேற்றினார். ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம்.

பக்கத்து வீட்டு அக்கா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாசல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடித்ததும் அக்கா கையை நிறுத்தினாள்.

"இவ பால்குடி மறந்தே மாசக்கணக்காச்சு. நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். அப்பறம் அதுபாட்டுக்கு மறந்திருச்சு" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

விருதுநகரில் மிளகாய், மல்லியைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. மிளகாய்த் தூளில் சாயம் கலந்து வெளிநாட்டிலிருந்து லோடு திரும்பி வந்துவிடுமோ என்று ஏற்றுமதி செய்கிறவர்கள் பயந்துகிடந்த சமயம் அது. காலையில் கமிஷன் கடையிலிருந்து மூட்டைக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தனுப்புவார்கள். சாயங்காலத்துக்குள் ரிசல்ட் வேண்டும். கொஞ்சம் தாமதமானால் கடை முதலாளியே போனில் வந்து, "என்னம்மா, எம்புட்டு நேரம்?" என்பார். மிளகாய்க்கு எந்த நாளும் நாங்கள் தாமதம் செய்ததில்லை. தும்மித் தும்மிக் கண் சிவந்து, அளந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம்.

அங்கிருந்த இயந்திரம் ஈயத்தையும் அளக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து தெருக்காரர்களின் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று ஆய்வக உரிமையாளரிடம் கேட்டேன். பதறிப்போனார். "நமக்குச் சாப்புடுற பொருளுக்கு மட்டுந்தாம்மா அனுமதி. மொளகா பாக்குற மிஷின்ல ரத்தம்னு எவனாவது பேப்பர்ல போட்டான்னா கடைய மூட வேண்டியதுதான்."

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் புதிதாக ஆனர்ஸ் இறுதியாண்டுக்கு வந்திருக்கும் மாணவி. பட்டாசுத் தொழிலாளர் ஆய்வைத் தலைவர் மறுபடி தொடங்கப்போகிறாராம். என் ஊர்க்காரர்களிடம் அவளை அறிமுகம் செய்துவைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். சிவகாசி பிரவுசிங் சென்டரில் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என்று மட்டும் பதில் எழுதினேன். பிறகு அவள் எழுதவில்லை. பாவம், அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

முதல் சில சம்பளங்களுக்குப் பிறகு அக்காவையும் பிள்ளையையும் மதுரைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அக்கா முதலில் வர மறுத்தாள். "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்றாள். பிள்ளைக்காக என்றதும் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ரத்தம் எடுத்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்தபோது இருவருக்கும் ஈயம் இருந்தது. அக்காவுக்கு அதிகம். பிள்ளைக்கு அவளைவிடக் குறைவு. ஆனால் அந்த வயசுக்கு அது குறைவில்லை என்றார் டாக்டர். பாலில் போனதா, வேலைச் சேலையில் ஒட்டி வந்ததா, வீட்டுப் புழுதியில் கிடந்ததா என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

"இந்த வேலைய விட்டுரணும்மா" என்றார்.

"விட்டுட்டு?" என்று கேட்டாள் அக்கா. எதிர்த்துக் கேட்கவில்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லுவார் என்றே கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, வேலை முடிந்து வந்ததும் குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட வேண்டும், கையைத் தேய்த்துக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, பிள்ளைக்கு நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மருந்து ரூமிலிருந்து பெட்டி போடுகிற பகுதிக்கு மாற்றச் சொல்லி அக்கா போர்மேனிடம் கேட்டாள். சீசன் முடியட்டும், பார்ப்போம் என்று சொன்னாராம். அது சொல்லி இரண்டு தீபாவளி போய்விட்டது.

வேன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அதனால் அக்கா மாற்றுச்சேலை ஒன்றை எங்கள் வீட்டுக் கொடியில் போட்டு வைத்திருக்கிறாள். அவள் வருகிற நேரத்துக்கு அம்மா கொல்லையில் ஓலைத்தட்டிக்குப் பின்னால் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைப்பாள். சித்தி ஒருத்தியும் இப்போது அப்படிக் குளித்து மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, தண்ணீரும் இல்லை. நாலு வருட ஆனர்ஸ் படித்து என் தெருவுக்கு நான் கொண்டுவந்து சேர்த்தது அவ்வளவுதான்.

நான் விருதுநகர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அநேகமாக அக்காவின் வேனும் வந்து நிற்கும். வேன் சத்தம் கேட்டதும் பிள்ளை ஓடிவந்துவிடும். அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் போவாள். அது சேலையைப் பிடிக்கப் பாயும், என் அம்மா தூக்கிக்கொள்வாள். தட்டிக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கும்வரை அது அம்மாவின் தோளில் கிடந்து கத்தும். "இருடி, வாரேன்டி" என்று உள்ளேயிருந்து அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள்.